மஸ்டாங்கையும் ஸ்விஃப்டையும் மலைநாட்டு ரோட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

பழைய அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர்) கார் ஒன்றையும் இந்தக் காலத்துச் சின்னக் கார் ஒன்றையும் ஒப்பிடச் சொன்னால், எல்லோரும் முதலில் போனட்டைத்தான் திறக்கிறார்கள். சமதரையில் ஓடுகிறவர்களுக்கு அது சரி. ஹட்டன், நுவரெலியா, அப்புத்தளைப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் முதலில் வீலைக் கழற்றிப் பிரேக்கைப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் எந்தக் காரும் எப்படியாவது ஏறிவிடும். மெதுவாக ஏறினால் பின்னால் வரும் பஸ்காரர் ஹோன் அடிப்பார், அவ்வளவுதான். ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இறக்கத்தில்தான் வெளியே வரும்.

எனக்கு ஹட்டன் பக்கத்தில் சின்னதாக ஒரு கராஜ். அப்பா தோட்டத்து லொறி டிரைவர் என்பதால் பிரேக் பற்றிய பேச்சைக் கேட்டே வளர்ந்தேன். என்னிடம் வரும் ஹோட்டல் முதலாளி ஒருவர், கல்யாணச் சோடிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று 1965ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்டாங் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். 289 கன அங்குல வி8 எஞ்சின், மூன்று கியர் ஓட்டோமேட்டிக். அவருடைய மகள் ஓட்டுவது சுசூக்கி ஸ்விஃப்ட். இரண்டுக்கும் சேர்விஸ் என் கையில்தான். அந்த இரண்டையும் வைத்தே சொல்கிறேன். உங்களிடம் இருப்பது வேறு கார்களானாலும் பார்க்கும் முறை இதுதான்.

சுத்தமான மசில் கார் என்றால் 1964இல் வந்த பொன்டியாக் ஜிடிஓ மாதிரி, நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய எஞ்சினைத் திணித்ததுதான், மஸ்டாங் அந்த வகையில் சேராது என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. வரட்டும். அந்த ஜிடிஓவிலும் நாலு வீலுக்கும் ட்ரம் பிரேக்தான், இதிலும் ட்ரம்தான். நமக்கு வேண்டிய விஷயத்தில் இரண்டும் ஒரே சாதி.

குதிரைத்திறனில் கழிக்க வேண்டியவை

முதலாளியின் அக்கா மகன் ஒருநாள் கராஜில் நின்றுகொண்டு, "பாஸ், இதுல 200 குதிரை இருக்கு. ஸ்விஃப்ட்ல 91தான். இதுல ஒப்பிட்டுப் பாக்க என்னா கெடக்கு?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் அந்த 200ஐ அப்படியே எடுக்கக் கூடாது.

1960களில் அமெரிக்கக் கம்பனிகள் விளம்பரத்தில் போட்ட குதிரைத்திறன், எஞ்சினைக் காரில் பூட்டாமல் பெஞ்சில் வைத்து அளந்தது. எயார் கிளீனர், ஃபேன், ஒல்டனேட்டரின் சுமை, காரில் வரும் சைலன்சர், இவை எதுவும் அந்த அளவில் இல்லை. 1972 மொடல்களிலிருந்துதான் காரில் இருப்பது போலவே எல்லாவற்றையும் பூட்டி அளந்த கணக்கைப் போட்டார்கள். வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க செவர்லே கொர்வெட்டின் சாதாரண 350 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் 270 குதிரை என்று போட்டார்கள், 1972இல் 200. எஞ்சினுக்குள் அமுக்கும் விகிதமான கம்பிரஷன் இரண்டு வருடமும் 8.5தான். எஞ்சின் பெரிதாக மாறவில்லை, அளந்த விதம்தான் மாறியது. பழைய அமெரிக்கக் காரின் குதிரைத்திறனைப் பார்த்தால் நான் கால் பங்கைக் கழித்துவிடுவேன். மட்டுக்கட்டும் கணக்குத்தான், ஆனால் ஏமாற்றாது. அப்படிப் பார்த்தால் மஸ்டாங்கின் 200, 150 ஆகிவிடும்.

அடுத்தது எடை. வி8 போட்ட 1965 மஸ்டாங் சுமார் 1,350 கிலோ. 2017இல் வந்த ஸ்விஃப்டின் 1.2 லீட்டர் மொடல் சுமார் 870 கிலோ. குதிரையை எடையால் வகுத்தால் மஸ்டாங்குக்கு டன்னுக்கு 111, ஸ்விஃப்டுக்கு 105. 4.7 லீட்டர் எஞ்சினுக்கும் 1.2 லீட்டர் எஞ்சினுக்கும் இடையில் மிச்சமிருப்பது இந்த ஆறு குதிரைதான். பையன் போனை எடுத்துத் தானே வகுத்துப் பார்த்தான். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

இனி நம்முடைய உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அதே அளவுக்குப் பலம் குறைந்துதான் ஓடும், இந்த இரண்டும் அப்படித்தான். ஆனால் ஸ்விஃப்டின் கம்பியூட்டர் காற்று குறைந்ததை சென்சரில் பார்த்து, பெற்றோலையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்கிறது. மஸ்டாங்கின் காபரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. காற்று மெலிந்தாலும் பெற்றோலைப் பழைய தாராளத்தில் ஊற்றும். கொழும்பில் டியூன் பண்ணிய பழைய கார் ஒன்று நானுஓயா தாண்டும்போது பெற்றோல் வாடை அடித்தால், பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கரி அப்பியிருக்கும்.

மேலேயே ஓடும் கார் என்றால் காபரேட்டரில் பெற்றோல் போகும் துளையான மெயின் ஜெட்டை ஓரிரண்டு நம்பர் சின்னதாகப் போட்டு, டெல்கோவை (டிஸ்ட்ரிபியூட்டரை) திருப்பி டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் வைக்கலாம். கார் நன்றாகத் திருந்தும். ஆனால் அதே செட்டிங்கோடு கொழும்புக்கு இறக்கினால் எஞ்சின் தட்டும். ஆகவே ஒப்பிடும்போது, இந்தக் கார் எங்கே டியூன் பண்ணப்பட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள். டியூன் சரியில்லாத மஸ்டாங்கை ஓட்டிப் பார்த்து, பழைய கார் என்றாலே இப்படித்தான் என்று சொல்வது அநியாயம்.

மஸ்டாங்குக்கு நியாயமாகச் சேர வேண்டிய பாராட்டையும் சொல்லிவிடுகிறேன். டோர்க் என்ற இழுவையில் ஸ்விஃப்ட் கிட்டவும் வராது. அந்த 289இன் விளம்பரக் கணக்கு சுமார் 380 நியூட்டன் மீற்றர், ஸ்விஃப்டில் 118. அந்த 380ஐயும் கழித்துத்தான் பார்க்க வேண்டும், கழித்தாலும் பெரிய இடைவெளி. கினிகத்தேனை ஏற்றத்தில் மஸ்டாங் கியரை மாற்றாமல், எஞ்சின் சத்தம் உயராமல், அப்படியே தூக்கிக்கொண்டு போகும். ஸ்விஃப்ட் அதே இடத்தில் எஞ்சினை அலறவிட்டுத்தான் ஏறும். ஏறுகிற சுகம் வேண்டும் என்றால் பழைய கார்தான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

சின்னக் கார் என்றாலே சொங்கி என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டொயோட்டா ஜிஆர் யாரிஸில் 1.6 லீட்டர், மூன்றே சிலிண்டர், டர்போ. ஜப்பான் மொடலில் முதலில் வந்தது 272 குதிரை, அதுவும் காரில் பூட்டி அளந்த கணக்கு. ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி பார்க்கப் போகிறவர்களுக்கு, சின்னக் கார் மேட்டில் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்றத்தில் பார்க்க வேண்டியது சூடு

வேகத்தை விடுங்கள். ஏற்றத்தில் இரண்டு காரையும் ஒப்பிட வேண்டுமானால், நீளமான ஏற்றம் ஒன்றின் உச்சியில் நிறுத்தி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக ஏறி லபுக்கலைப் பக்கம் நிறுத்தினால் போதும். ஸ்விஃப்ட் எப்போதும் போல ஸ்டார்ட் ஆகும். மஸ்டாங் ஸ்டார்ட்டரைச் சுற்றிச் சுற்றி, இருமிக்கொண்டுதான் பிடிக்கும். சில நாள் பிடிக்காது.

காரணம் சாதாரணமானது. மஸ்டாங்கின் பெற்றோல் பம்ப் எஞ்சினிலேயே பூட்டியிருக்கிறது. காரை நிறுத்தியதும் எஞ்சின் சூடு முழுவதும் பம்புக்கும் காபரேட்டருக்கும் ஏறுகிறது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் பெற்றோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். பைப்புக்குள் ஆவி அடைத்தால் பம்ப் இழுக்காது. ஸ்விஃப்டில் பம்ப் டாங்கிக்குள் இருந்து அழுத்தித் தள்ளுகிறது, அதனால் அந்தத் தொல்லை இல்லை.

தண்ணீரும் அப்படித்தான். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடித்து வைத்திருக்கும் வரை கவலை இல்லை. மூடியின் ரப்பர் செத்துப்போன பழைய கார் மேலே வந்ததும் கொதிக்கும். மஸ்டாங்கின் ஃபேன் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது. தேயிலை லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்து ஏறும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றும், ஃபேனும் மெதுவாகச் சுற்றும், காற்று போதாது. எலக்ட்ரிக் ஃபேன் போட்ட காரில் எஞ்சின் வேகத்துக்கும் ஃபேனுக்கும் சம்பந்தமில்லை. பழைய காரைப் பார்க்கப் போகிறவர்கள் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அந்த ரப்பரைப் பாருங்கள். சொந்தக்காரர் காரை எப்படி வைத்திருக்கிறார் என்பதும் அதிலேயே தெரியும்.

வளைவு

மஸ்டாங் 4.61 மீற்றர் நீளம், 1.73 மீற்றர் அகலம். அகலத்தில் ஸ்விஃப்ட் 1.69, பெரிய வித்தியாசம் இல்லை. திரும்புவதில்தான் வித்தியாசம். ஸ்விஃப்ட் சுமார் 9.6 மீற்றர் வட்டத்துக்குள் திரும்பிவிடும். மஸ்டாங்குக்கு 11.6 அளவு வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத மஸ்டாங்கில் ஒரு கடைசியிலிருந்து மறுகடைசிக்கு ஸ்டியரிங்கை ஐந்து சுற்றுக்குக் கிட்டச் சுற்ற வேண்டும். கண்டி–மகியங்கனை ரோட்டின் பதினெட்டு வளைவில் போய்ப் பாருங்கள், தோள்பட்டை கணக்குச் சொல்லும். 1969 டொட்ஜ் சார்ஜர் போன்றவை 5.28 மீற்றர் நீளம், 1.95 அகலம். அதைத் தோட்டத்து ரோட்டுக்குக் கொண்டுபோவதை யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்று, மஸ்டாங்கின் ஸ்டியரிங் இடப்பக்கம். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில், மலை வளைவில், முன்னால் போகும் லொறியைத் தாண்ட வேண்டும் என்றால் எதிரே வருவது ஓட்டுபவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து "போங்க" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் மணப்பெண் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

மழையில், மஸ்டாங் மாதிரிப் பின்வீல் இழுக்கும் காரின் வாலும் லேசானது. ஈரமான வளைவில் எக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட அழுத்தினால் பின்பக்கம் வெளியே போகும். ஸ்விஃப்டில் முன்வீல் இழுக்கிறது, வழுக்கினால் பிடிக்கவும் எலக்ட்ரோனிக் ஏற்பாடு உண்டு.

இறக்கம்

இங்கேதான் நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கினால் 1,300 மீற்றருக்கு மேல் கீழே வருகிறோம். நாலு பேரை ஏற்றிய மஸ்டாங் சுமார் 1,630 கிலோ. அத்தனை எடை அத்தனை உயரம் இறங்கும்போது வெளியே வரும் சக்தி 20 மெகாஜூலுக்கு மேல். ஒரு லீட்டர் பெற்றோலை எரித்தால் வருவது சுமார் 32 மெகாஜூல். அதாவது அரை லீட்டருக்கு மேல் பெற்றோலை எரித்த சூடு எங்காவது போக வேண்டும். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும், கொஞ்சத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளும், மிச்சம் முழுவதும் பிரேக்கில். அதே நாலு பேரோடு ஸ்விஃப்ட் 1,150 கிலோ, 15 மெகாஜூலுக்குக் கிட்டத்தான். சின்னக் கார் இறக்கத்தில் பெறும் முதல் லாபம் அதன் எடை.

இரண்டாவது, சூட்டை வெளியே விடும் விதம். மஸ்டாங்கில் அந்த வருடம் சாதாரணமாக வந்தது நாலு வீலுக்கும் ட்ரம். முன்வீல் டிஸ்க், கூடக் காசு கொடுத்தவர்களுக்கு மட்டும். ட்ரம்முக்குள் பிரேக் சூ உரசி வரும் சூடு, மூடி போட்ட சட்டிக்குள் நிற்பது போல உள்ளேயே நிற்கும். ட்ரம் சூடாகி விரியும், சூவை விட்டு விலகும், பெடல் இன்னும் கீழே போகும். லைனிங்கும் ஒரு சூட்டுக்கு மேல் பிடியை விட்டுவிடும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் கார் கேட்காத அந்த நிலை திடீரென்று வருவதில்லை, வளைவுக்கு வளைவு கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஓட்டுபவர் கவனித்தால் தெரியும். ஸ்விஃப்டின் முன் டிஸ்க் நடுவில் காற்றுப் போக இடைவெளி விட்டது, திறந்தபடி காற்றில் சுற்றுவது. சூடாகும், ஆனால் ஒவ்வொரு நேர்ப்பகுதியிலும் ஆறிக்கொண்டே வரும்.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கம் கெடும் விஷயம். 1965, 66 மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. நாலு வீலுக்கும் ஒரே பிரேக் ஒயில் வழி. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால், ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால், நாலும் போயிற்று. பிறகு மிச்சம் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கைப்பிடியை இழுத்துப் போடும் ஹேன்ட்பிரேக் மட்டும், அதுவும் பின்வீலில். 1967 மொடலிலிருந்து இரட்டைச் சுற்று வந்துவிட்டது, ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். பழைய காரைப் பார்க்கும்போது போனட்டுக்குள் முதலில் நான் தேடுவது இதைத்தான். மாஸ்டர் சிலிண்டரில் ஒரு அறையா, இரண்டு அறையா? ஒரு அறை என்றால், மற்ற எந்த விலையையும் பேசுவதற்கு முன்னால் அதை மாற்றும் செலவை எழுதிக்கொள்ளுங்கள்.

பிரேக் ஒயிலையும் விட்டுவிடாதீர்கள். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு 140 வரைதான் உத்தரவாதம். டொட் 4 என்றால் 230, 155. நம் ஊர்ப் பனியிலும் மழையிலும் ஒயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். வருடக்கணக்காக ஷெட்டில் நிற்கும் பழைய காரில் ஒயில் தேயிலைச் சாயம் மாதிரி நிறம் மாறியிருந்தால், அந்தக் காரை இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், முதலில் மாற்றுங்கள். இது ஸ்விஃப்டுக்கும்தான். புதுக் கார் என்று சொல்லி ஒயிலை மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, ஓட்டிப் பார்ப்பது எப்படி? விடிகாலையில் போங்கள், வாகனம் குறைவு. நானுஓயா–ரதெல்ல குறுக்கு ரோட்டில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். பிரேக் போன விபத்துக்களால் பெயர் எடுத்த ரோடு அது. நடுவில் சமதரை வருகிற, ஓரத்தில் ஒதுங்க இடமுள்ள இறக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் சமதரையில் நாலைந்து தடவை நிறுத்திப் பார்த்து, பெடல் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்று காலால் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இறக்கத்தில் 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நல்ல அழுத்தமாகப் பிடித்து 10க்குக் கொண்டு வாருங்கள். விடுங்கள். கொஞ்சம் ஓடவிட்டு மறுபடி பிடியுங்கள். மூன்றாவது தடவை பெடல் முதல் இருந்த உயரத்திலேயே பிடித்தால் நல்லது. ஒவ்வொரு தடவையும் கீழே போய்க்கொண்டே வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், நான்காவது தடவை வேண்டாம். சமதரையில் ஒதுக்கி, கியரில் (ஓட்டோமேட்டிக் என்றால் பார்க்கில்) போட்டு, வீலுக்குக் கல் வையுங்கள். சூடான ட்ரம்மில் ஹேன்ட்பிரேக்கை இறுக்கிப் போட்டால் ஆறும்போது சூ அதிலேயே பிடித்துக்கொள்ளும்.

பிறகு இறங்கி நாலு வீலையும் சுற்றி நடந்து வாருங்கள். மூக்கு முதலில் சொல்லும். கையால் தொட வேண்டாம். துப்பாக்கி மாதிரிப் பிடித்துச் சூட்டை அளக்கும் கருவி இப்போது மலிவாகக் கிடைக்கிறது, அதை நாலு ட்ரம்முக்கும் காட்டுங்கள். முன்வீல் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அந்தப் பக்கம் வீல் சிலிண்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தப் பக்கம் வேலையே செய்யவில்லை. இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் சமதரையில் ஓட்டும்போது அது தெரியாது.

அப்பா சொல்லிக் கொடுத்த ஒரே விதி, ஏறிய கியரிலேயே இறங்கு என்பது. லொறிக்குச் சொன்னது, காருக்கும் பொருந்தும். மஸ்டாங்கின் ஓட்டோ கியரை எல்லில் (லோவில்) போட்டால் 4.7 லீட்டர் எஞ்சின் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். அந்த விஷயத்தில் பெரிய எஞ்சினுக்கு லாபம் உண்டு. ஸ்விஃப்டின் 1.2 அவ்வளவு பிடிக்காது, படிகள் இல்லாமல் மாறும் சிவிடி ஓட்டோ கியர் என்றால் டியில் விட்டுவிட்டு வந்தால் இன்னும் குறைவு. எல் அல்லது எஸ், உங்கள் காரில் எது இருக்கிறதோ அதைப் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

டொயோட்டா அக்குவா மாதிரி ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இறக்கத்தில் மோட்டார் பிரேக் பிடித்து பெற்றரியைச் சார்ஜ் பண்ணும். நல்லதுதான். ஆனால் நீண்ட இறக்கத்தில், பாதியிலேயே பெற்றரி நிரம்பிவிடும். நிரம்பியதும் அந்தப் பிடி குறையும், வேலை முழுவதும் சாதாரணப் பிரேக்குக்கு வந்துவிடும். கியரில் B என்று இருப்பது அதற்குத்தான், எஞ்சினைச் சுற்றவைத்துப் பிடிக்கும். உச்சியிலேயே B-யில் போட்டுவிடுங்கள்.

மோதினால்

இரும்பு கனமாக இருந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை நம் ஊரில் பலமாக இருக்கிறது. 2009இல் அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனிகளின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம், 1959 செவர்லே பெல் எயார் ஒன்றையும் 2009 செவர்லே மலிபு ஒன்றையும் 64 கிலோமீற்றர் வேகத்தில் நேருக்கு நேர் ஓரமாக மோதவிட்டது. பழைய காரில் டிரைவர் இருக்கும் இடமே நசுங்கியது. புதியதில் டிரைவராக வைத்த பொம்மைக்குக் காலில் சின்னக் காயம் வரக்கூடிய அளவுதான். 1965 மஸ்டாங்கில் இடுப்பைச் சுற்றும் பெல்ட் மட்டும். மோதினால் மடங்கும் ஸ்டியரிங் தண்டும் அதில் இல்லை. இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

பெற்றோல், பாகம், துரு

2022இல் கியூஆர் கோட் காட்டிப் பெற்றோல் அடித்த காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். காருக்கு வாரம் 20 லீட்டர் என்று தொடங்கினார்கள். மலையில் மஸ்டாங் லீட்டருக்கு ஐந்து கிலோமீற்றர் கொடுத்தால் நல்ல நாள். அந்த 20 லீட்டரில் ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு தடவை போய் வந்தால் முடிந்தது. அந்தக் காலம் திரும்ப வராது என்று நம்பி வாங்குகிறவர்கள் வாங்கலாம்.

எந்த ஒக்டேன் வேண்டும் என்பதற்கு எஞ்சினின் கம்பிரஷனைக் கேளுங்கள். முதலாளியின் 289இல் 9.3தான், 92 போதும், நான் 95 அடிக்கச் சொல்வேன். 1970 செவெல் எஸ்எஸ்ஸின் 454 எல்எஸ்6 மாதிரி 11.25 கம்பிரஷன் உள்ளவற்றுக்கு 95உம் பற்றாது. ஈயம் கலந்த பெற்றோல் இங்கே 2002இல் நின்றுவிட்டது, அதனால் ஹெட்டைக் கழற்றி வால்வு சீட் மாற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். மாற்றவில்லை என்றால் நீண்ட ஏற்றங்களில் சீட் தேயும்.

பாகத்தில் மஸ்டாங் எனக்கு ஆச்சரியம் தந்த கார். அமெரிக்காவில் இன்றைக்கும் அதற்கு ஒவ்வொரு ஸ்குரூவும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். வருவதற்குத்தான் நாளும் காசும். ஸ்விஃப்டுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளுக்கு ஒரு போன் போட்டால் மறுநாள் பஸ்ஸில் வந்துவிடும். ரோட்டோரத்தில் நின்றுபோனால் கதை தலைகீழ். பிளக்குக்குத் தீப்பொறி வரவைக்கும் மஸ்டாங்கின் பொயின்ட்டை ஒரு அரமும் கேஜும் இருந்தால் பனியில் நின்றுகூடச் சரிபண்ணலாம். ஸ்விஃப்டில் சென்சர் ஒன்று போனால் ஸ்கேனர் இருக்கும் இடத்துக்கு இழுத்துத்தான் போக வேண்டும். அதோடு ஸ்விஃப்டின் அடிப்பக்கம் தரையிலிருந்து 12 சென்டிமீற்றர்தான், ஜப்பான் மொடலில். கல் பெயர்ந்த தோட்டத்து ரோட்டில் முன் பம்பர் உரசாமல் ஓட்டத் தனிக் கெட்டிக்காரத்தனம் வேண்டும்.

துருவுக்கு ஒரு சோதனை, அந்தக் காலத்து மஸ்டாங்குக்கென்றே உள்ளது. முன் கண்ணாடிக்குக் கீழே, போனட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், காற்றுப் போகும் கிறில் இருக்கும். ஒரு ஜக் தண்ணீரை அதில் மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் டோர்ச்சோடு டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பாருங்கள். தண்ணீர் வெளியே வீலுக்குப் பின்னால் வழிய வேண்டும். உள்ளே கார்ப்பட்டில் சொட்டினால் அந்தப் பெட்டி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அதைத் திறக்க முன்பக்க வெல்டிங்கை எல்லாம் பிரிக்க வேண்டும். மூடுபனியில் நின்ற காரில் இது அநேகமாக இருக்கும். தண்ணீர் ஊற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் பதில் கிடைத்துவிட்டது.

இவ்வளவும் பார்த்தபிறகு முதலாளியிடம் சொன்னது இதுதான். கல்யாணச் சோடியை நுவரெலியா கிரகரி வாவியைச் சுற்றி மஸ்டாங்கில் கொண்டுபோங்கள், படம் எடுங்கள், கோவில் வாசலில் இறக்குங்கள், அதைப் போல ஒரு கார் இல்லை. கண்டிக்கோ கம்பளைக்கோ இறங்க வேண்டும் என்றால் மகளின் ஸ்விஃப்டைக் கேளுங்கள். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. பேரம் பேசி, முன்வீலுக்கு டிஸ்க்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் போடும் வரை கார் டவுனைத் தாண்டாது என்ற இடத்தில் நின்றோம்.

அந்த மாதிரி டிஸ்க் செட் வரவழைக்கிறவர்கள் ஓர்டர் போடும் முன் உங்கள் ரிம் எத்தனை அங்குலம் என்று விற்பவருக்குச் சொல்லிவிடுங்கள். 1965 வி8இல் வந்தது 14 அங்குல ரிம். சில செட்டுகளின் காலிப்பர் 15க்குக் குறைந்த ரிம்முக்குள் போகாது, பிறகு ரிம்மும் டயரும் புதிதாக வாங்க வேண்டிவரும்.